சோழன் கப்பலும் செக்ரோல் புத்தகமும்

நம்மவர்க்குச் சரித்திரப் பற்று இல்லை என்று சில கனவான்கள் மேடைதோறும் வருந்திப் பேசுகின்றார்கள். அவ்வருத்தத்தில் நாம் பங்குகொள்வதற்கில்லை. மலேசியத் தமிழர்க்குச் சரித்திரப் பற்று இருக்கின்றது; தேவைக்கு மேலேயே இருக்கின்றது. ஆனால் அப்பற்று முழுவதும் 1025-ஆம் ஆண்டோடு நின்றுபோய்விட்டது என்பதே நமது குற்றச்சாட்டு. இராசேந்திர சோழன் கடல் கடந்து படையனுப்பினான், கடாரத்தை வென்றான், கல்லில் அது பொறிக்கப்பட்டிருக்கின்றது. மெய்தான், மறுப்பாரில்லை. ஆனால் தோழர்களே, நம் பாட்டன் அந்தக் கப்பலில் வரவில்லை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ மூன்றாம் வகுப்புத் தளத்தில் மூட்டையோடு மூட்டையாக ஏற்றப்பட்டு, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறக்கப்பட்டு, நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, கங்காணியின் பின்னால் வரிசையாக நடந்து தோட்டத்து லயத்தில் நுழைந்தவன் அவன். அவன் வந்த கப்பலின் பெயர் என்ன, எந்த ஆண்டில் வந்தான், எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் எத்தனையாவது பெயராக எழுதப்பட்டான் என்று அவன் பேரனைக் கேட்டால் விழிக்கின்றான். சோழனுடைய யானை எத்தனை, கப்பல் எத்தனை என்று கேட்டாலோ, இல்லாத கணக்கையும் சேர்த்துச் சொல்லுகின்றான்!

இக்கேட்டை நாம் பந்திங் வட்டாரத்தை முன்வைத்துப் பேச விரும்புகின்றோம். கோலாலம்பூருக்குத் தென்மேற்கே லங்காட் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. கோல லங்காட் மாவட்டத்தின் முக்கிய நகரம். அம்மாவட்டத்தில் சரித்திரத்திற்குப் பஞ்சமில்லை. ஜுக்ராவில் சுல்தான் அப்துல் சமது அரசு வீற்றிருந்த காலம் உண்டு. அவ்விடத்துப் பழைய போலீஸ் கட்டிடம் இன்று பொருட்காட்சி நிலையமாக நிற்கின்றது. மோரிப் கடற்கரையில் 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் நேசநாட்டுப் படை வந்திறங்கியது. லங்காட் ஆற்றுக்கு அப்பால் உள்ள தீவு, எட்வர்டு வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலத் தோட்டத்துரையின் பெயரை இன்றளவும் சுமந்துகொண்டிருக்கின்றது. அத்தீவில் துரைக்கும் நமக்கும் முன்பே குடியிருந்த மா மெரி மக்கள் இன்றும் சுங்கை பும்பூனில் மரச்சிற்பம் செதுக்கித் தம் முன்னோர் கதையைக் காத்து வருகின்றார்கள். அரசர்க்குக் காட்சிசாலை உண்டு. துரைக்குத் தீவின் பெயர் உண்டு. பழங்குடிக்குச் சிற்பம் உண்டு. காட்டை வெட்டி, சதுப்பில் வடிகால் தோண்டி, பால்மரமும் பிறகு செம்பனையும் நட்ட தமிழனுக்கு என்ன உண்டு? வாய்ச்சொல் உண்டு. சொல்லும் வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எழுத்தாளர் அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' என்ற நாவலையும், சயாம் ரயில்பாதையில் மாண்டவர்களைப் பற்றி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலையும் எழுதினார். அவை நாவல்கள், அவற்றின் பெருமை அவற்றிற்கு. ஆயினும் ஒரு சமூகம் தன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள நாவலாசிரியர் ஒருவரையே நம்பியிருக்கவேண்டிய நிலை வந்ததென்றால், அது அவருக்குப் புகழ், சமூகத்திற்கோ வெட்கம். 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை அப்பாதைக்கு ஏற்றிச் சென்றனர். தாய்லாந்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் பெயரும் வயதும் பொறித்து வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவரில் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை. எந்தத் தோட்டத்திலிருந்து யார் போனார், யார் திரும்பவில்லை என்பதை அந்தந்தத் தோட்டத்து முதியவர்களைக் கேட்டு எழுதிவைத்திருக்க எழுபது ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த எழுபது ஆண்டும் நாம் பட்டிமன்றம் நடத்தினோம்.

கிள்ளான் கதையும் அவ்வாறே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டு சிலாங்கூர் எங்கும் பரவியது. கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, பெண்களிடம் தகாதபடி நடக்கும் கிராணிகளையும் மேற்பார்வையாளர்களையும் நீக்குதல், பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, கள்ளுக்கடையை மூடுதல், துரை எதிரே வந்தால் மிதிவண்டியினின்றும் இறங்கி நிற்கவேண்டும் என்னும் இழிவை ஒழித்தல். இயக்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையின் உதவியாசிரியர். மே 5-ஆம் நாள் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. துருப்புகள் வந்தன, அத்துருப்புகளிலும் இந்தியரே இருந்தனர் என்பதைக் கவனிக்க. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு இறந்தனர். நாதன் பெயரையாவது ஆண்டுக்கொரு முறை யாரோ உச்சரிக்கின்றார்கள். அந்த ஐவர் பெயரைச் சொல்லக்கூடிய தமிழர் கிள்ளானிலும் பந்திங்கிலும் எத்தனை பேர்? ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்த சேனாதிபதிகளுக்கு விழா எடுக்கின்றவர்கள், மிதிவண்டியில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்துபோகும் உரிமைக்காகச் செத்தவர்களுக்கு ஒரு கல் நட்டதுண்டா?

ஆதலால் பந்திங்கில் ஒரு சரித்திரக் கழகம் வேண்டும் என்கின்றோம். 'இன்னுமொரு சங்கமா?' என்று வாசகர் பெருமூச்செறிவது நமக்குக் கேட்கின்றது. அப்பெருமூச்சில் நியாயம் உண்டு. நம்மவர் சங்கம் வைக்கும் முறையை நாம் அறியாதவரல்லோம். முதற்கூட்டத்தில் மாலை, இரண்டாங்கூட்டத்தில் பதவிச் சண்டை, மூன்றாங்கூட்டத்தில் பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரைப் போஷகராக ஏற்று மாலை, ஆண்டு முடிவில் விளம்பரங்களுக்கு நடுவே வாழ்த்துச் செய்திகள் அடுக்கிய ஒரு மலர். அம்மலரில் ஐம்பது பக்கம் புரட்டினாலும் ஒரு தோட்டத்தைப் பற்றிய ஒரு புதுச் செய்தி அகப்படாது. அக்கிராசனரின் படம் மட்டும் நான்கு இடத்தில் அகப்படும். இத்தகைய கழகம் ஒன்று தோன்றுவதைவிடத் தோன்றாமலிருப்பதே மேல், காகிதமாவது மிஞ்சும்.

நாம் கேட்பது வேறு. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். அந்த ஏழு பேரில் ஒருவர் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவராகவும், ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவும், மூவராவது பெண்களாகவும், ஒருவர் நிழற்படம் எடுக்கத் தெரிந்த இளைஞராகவும் இருந்தால் போதும். சோழர் சரித்திரம் தெரிந்தவர் ஒருவரும் தேவையில்லை. தலைவர் இரண்டாண்டுக்கு மேல் இருக்கலாகாது. வரவு செலவு மாதந்தோறும் கதவில் ஒட்டப்படவேண்டும். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு மூன்றும் விதிகளிலேயே தடுக்கப்படவேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொன்னாடைக்குப் போகும் பணத்தில் பூச்சி அரிக்காத இரும்புப் பெட்டி ஒன்று வாங்கலாம்.

அப்பெட்டியில் எதை வைப்பது? இங்கேதான் நம்மவர் பார்வை தவறிப்போகின்றது. சரித்திரம் என்றால் செப்பேடு, ஐம்பொன் சிலை என்று எண்ணிக்கொண்டு, வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் கிடப்பதைக் குப்பை என்று எரித்துவிடுகின்றார்கள். செக்ரோல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை, என்ன வேலை, என்ன கூலி என்று எழுதிய கணக்கு அது. துரை தன் காசுக்காக எழுதுவித்தான். ஆனால் அதை இன்று விரித்துப் படிப்பவனுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் எத்தனை காசு வித்தியாசம், பிள்ளை பெற்ற எத்தனையாவது நாளில் ஒருத்தி மறுபடியும் பால்வெட்டப் போனாள், எந்த மாதத்தில் காய்ச்சல் வந்து வரிசை வரிசையாக 'வரவில்லை' என்று குறிக்கப்பட்டது என்பதெல்லாம் விளங்கும். எந்த மெய்க்கீர்த்தியும் இவ்வளவு உண்மை பேசாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் துண்டாடப்பட்டபோதும், கம்பெனி கைமாறியபோதும், வீட்டுமனையாக வெட்டப்பட்டபோதும் அப்புத்தகங்கள் எங்கே போயின? பழைய காகிதக்காரனிடம் நிறுத்துப் போடப்பட்டவை எத்தனை, ஆபீசுக்குப் பின்னால் கொளுத்தப்பட்டவை எத்தனை என்று கேட்பாரில்லை.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் அப்படியே. ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆட்டுக்கொட்டகை போன்ற இடத்திலேனும் பள்ளி நடந்தது, பதிவேடு எழுதப்பட்டது. சுதந்திரம் வந்த 1957-இல் நாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். இன்று சுமார் 530. மூடிய பள்ளிகளின் பதிவேடுகளைக் காணோம். இது ஏதோ ஆராய்ச்சிக்காரருடைய கவலை என்று நினைக்கவேண்டாம். இந்நாட்டிலேயே பிறந்து, இந்நாட்டு மரத்தையே வெட்டி முதுமையடைந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு அலைகின்ற தமிழர் இன்னும் இருக்கின்றார்கள். அவர்களைப் பதிவு செய்ய 2011-இல் 'மைடஃப்தார்' என்று ஓர் இயக்கமே நடத்தவேண்டியதாயிற்று. அத்தகையவர் ஒருவர் 'நான் இங்கேதான் பிறந்தேன், இங்கேதான் படித்தேன்' என்று அதிகாரியின் மேசைமுன் நிற்கும்போது, ஐம்பது ஆண்டுக்கு முந்திய பள்ளிப் பதிவேட்டில் ஒரு வரி, தோட்டத்து மருத்துவமனைப் புத்தகத்தில் ஒரு வரி, அவருக்குக் கைகொடுக்கக்கூடும். லயத்தை இடிக்க வந்தவனிடம் மாற்றுவீடு கேட்பவருக்கும், தாம் அங்கே எத்தனை ஆண்டு உழைத்தோம் என்பதற்குச் சான்று வேண்டியிருக்கின்றது. பதிவேட்டைக் கரையானுக்கு விட்டவர்கள் அச்சான்றையும் கரையானுக்கு விட்டவர்களே. கோவில் கும்பாபிஷேகத்திற்கு இலட்சக்கணக்கில் திரட்டத் தெரிந்த தோட்டத்தார்க்கு, பள்ளி இடம்மாறும்போது ஒரு அலமாரியை லாரியில் ஏற்றத் தெரியவில்லை!

வேலைமுறையில் சில சங்கதிகளைச் சொல்லியே தீரவேண்டும். ஆர்வமுள்ளவர்கள் கெடுக்கும் பொருள் ஆர்வமில்லாதவர்கள் கெடுப்பதற்குக் குறைந்ததன்று. ஒரு வீட்டிலிருந்து படமோ கடிதமோ வாங்கினால் ரசீது கொடுக்கவேண்டும். நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பவேண்டும். 'ஆராய்ச்சிக்கு' என்று வாங்கிப்போய்த் திருப்பாதவர்களால் எத்தனையோ வீட்டுக் கதவு இன்று திறப்பதில்லை. கிழிந்த தாளைப் பசைநாடாவால் ஒட்டுவதும், பழைய பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் சூடுவைத்து மூடுவதும் அதைக் கொலை செய்வதற்குச் சமானம். படத்தில் இருப்பவர் பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதவேண்டும். துரையின் பெயரை மட்டும் எழுதி, நின்ற நாற்பது பேரை 'தொழிலாளர்கள்' என்று முடித்துவிடக்கூடாது. அதைத்தான் துரையும் செய்தான். முதியவரிடம் பேசப்போகின்றவர் 'இளைஞர்க்கு உங்கள் அறிவுரை என்ன?' என்று கேட்காமல், காலையில் என்ன தின்றீர்கள், மங்கு கழுவத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டபோது பால் யார் கொடுத்தார் என்று கேட்கவேண்டும். பெண்களைத் தனியே கேட்கவேண்டும். கணவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவனே பதில் சொல்லுவான். அம்மையார் காப்பி போடப் போய்விடுவார். சொன்னதில் எதை வெளியிடலாம், எதை வெளியிடலாகாது என்பது சொன்னவர் விருப்பம்.

இனி, கசப்பான ஒன்று. இக்கழகம் உண்மையாக நடக்குமானால் அது நமக்கே பிடிக்காத பலவற்றை எழுதவேண்டியிருக்கும். கங்காணி நம்மவன். தன் ஊரானையும் தன் ஜாதியானையும் ஆசைகாட்டி அழைத்துவந்து, தலைக்காசு வாங்கித் தின்றவனும் அவனே. கடல் கடந்தும் ஜாதி கடக்கவில்லை. லயத்தில் ஜாதிவாரியாக வீடு பிரித்ததும், தாழ்த்தப்பட்ட தோழரைக் கோவில் வாசலில் நிறுத்தியதும் வெள்ளைக்காரன் செய்த காரியமன்று. பெரியார் 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி ஊர் ஊராகப் பேசியது இதைப் பற்றித்தான். இன்றோ, 'தோட்டத்தில் ஜாதியே கிடையாது, எல்லோரும் ஒரு தாய் மக்களாக வாழ்ந்தோம்' என்று நினைவுரை எழுதுகின்றார்கள். எழுதுபவர் எந்த லயத்தில் இருந்தார் என்று விசாரித்தால் விஷயம் விளங்கிவிடும். கள்ளுக்கடையையும், குடித்து வந்து அடித்த கையையும், அடிபட்ட பெண்ணையும் விட்டுவிட்டு எழுதும் தோட்டச் சரித்திரம் தெலுக் டத்தோவில் எழுதப்பட்டாலும் தஞ்சாவூரில் எழுதப்பட்டாலும் புராணமே.

'கூலி என்ற இழிவை ஏன் கிளறவேண்டும்? பிள்ளைகள் டாக்டரும் வக்கீலும் ஆகிவிட்டார்களே' என்பார் ஒரு சாரார். உழைத்தது இழிவா, உழைப்பித்து ஏய்த்தது இழிவா? இதே கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு மலைநாட்டார் விடை சொல்லியிருக்கின்றார்கள். மேற்கு வர்ஜினியா நிலக்கரிச் சுரங்க ஊர்கள் நம் தோட்டங்களுக்கு உடன்பிறப்பு: வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, கூலியாகக் கொடுத்த நாணயமும் அக்கடையில் மட்டுமே செல்லும் கம்பெனி நாணயம். 1920-இல் மேட்வான் என்னும் சிற்றூரில் துப்பாக்கிச் சண்டை. அடுத்த ஆண்டு பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் ஆயுதம் ஏந்தி நின்றனர். நெடுங்காலம் பள்ளிப்புத்தகங்கள் அதைப் பேசவில்லை. 2015-இல் அவ்வூராரும் தொழிற்சங்கத்தாருமாகச் சேர்ந்து மேட்வானிலேயே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். பிளேர் மலை 2009-இல் தேசியச் சரித்திரப் பட்டியலில் ஏறியது. நிலக்கரி முதலாளிகளின் தலையீட்டால் அதே ஆண்டு நீக்கப்பட்டது. விடாமல் வழக்காடியதால் 2018-இல் மறுபடியும் ஏற்றப்பட்டது. 'ஏழை மலைக்காரன்' என்று நகரத்தாரால் ஏளனம் செய்யப்பட்டவர்களே இதைச் செய்தார்கள். அருகிலுள்ள கென்டக்கியில் வைட்ஸ்பர்க் என்னும் ஊரில், 1969 முதல் அம்மலைநாட்டார் வாழ்க்கையைப் படம்பிடித்துவந்த 'ஆப்பல்ஷாப்' நிலையத்தின் காப்பகத்துள் 2022 ஜூலையில் வெள்ளம் புகுந்தது. சுருள் சுருளாகப் படங்கள் சேற்றில் கிடந்தன. 2021 டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. லங்காட் கரையில் ஒரு பெட்டி இருந்தால் அதன் நகல் வேறோர் ஊரில் இருக்கவேண்டும்.

'அரசாங்கம் செய்யட்டும், பல்கலைக்கழகம் செய்யட்டும்' என்பார் மற்றொரு சாரார். தேசிய ஆவணக் காப்பகம் 1957 முதல் இருக்கின்றது. முதன்மையாக அரசாங்கத்தின் காகிதத்தைக் காப்பதற்கு ஏற்பட்டது அது. தகரப்பெட்டியின் அடியில் கிடக்கும் உம் பாட்டியின் சங்க அட்டையைத் தேடிக்கொண்டு காப்பக அதிகாரி பந்திங் வருவார் என்றா காத்திருக்கின்றீர்? செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர் ரோஜா முத்தையா. அவர் தாமாகவே சேர்த்த புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் அழைப்பிதழ்களும் ஓர் இலட்சம் அளவுக்குப் பெருகி, அவர் 1992-இல் மறைந்த பின்னர் சென்னையில் பெயர்பெற்ற ஆராய்ச்சி நூலகமாயின. பிற்பாடு பல்கலைக்கழகம் வந்தது. முதலில் வந்தவர் பலகை எழுதுபவர்.

கடாரத்தின் பெருமை பேசுவோர்க்கே கடாரத்தில் நடந்ததைச் சொல்லி வைக்கின்றோம். 2013-இல் கெடா மாநிலத்துப் புஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் கொண்ட பழங்கோவிலின் எச்சத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்று நிரவிவிட்டது. தனியார் நிலம், மரபுடைமையாக அறிவிக்கப்படவில்லை என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். அந்த அழிவை வெளியுலகுக்குச் சொன்னது யார்? கடாரங்கொண்டான் விழா நடத்திய மகாசபைகளா? புஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம் என்னும் ஒரு சிறு குழுவினர். இடத்தை அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதனால்தான் இல்லாமற்போனது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. சோழனுடைய கல்லுக்கே காவலன் உள்ளூர்க்காரனாக இருக்கும்போது, கேரித் தீவு லயத்துக்கு வேறு யார் காவல்? அத்தீவில் பெரிய துறைமுகம் கட்டும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. கட்டுகின்ற நாளில் மண்வாரி இயந்திரம் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

முதலாண்டில் ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டால் போதும். அத்தோட்டத்தில் இருந்து வெளியேறிப் பந்திங், தெலுக் பங்ளிமா காராங், கிள்ளான் அடுக்குவீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு வீட்டின் பெட்டியிலும் உள்ளவற்றின் நகல். சயாமுக்குப் போனவர், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர், 1941-இல் கைதானவர் பெயர்கள். இடுகாட்டில் மிஞ்சியிருக்கும் கல்லெழுத்துகள். செம்பனைக்கு நடுவே புதர் மண்டிய இடுகாடுகளில் தமிழ் எழுத்து வெட்டிய கல் இன்னும் நிற்கின்றது. மழை ஆண்டுதோறும் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுகின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் ஒரு வெட்டுக்கத்தியும் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு போகட்டும். இடம்மாறப்போகும் பள்ளிகளின் வாரியத்திற்கும் தலைமையாசிரியருக்கும், பழைய அலமாரியைத் திறந்து பார்க்க இருவரை அனுமதிக்கும்படி இந்த வாரமே எழுதட்டும். கம்பெனி மேலாளருக்கும் அதே கடிதத்தின் ஒரு படி. மறுத்தால், மறுத்த கடிதத்தையும் வரிசை எண் போட்டு அந்த இரும்புப் பெட்டியில் வைக்கட்டும்.